ஸ்கட்டில் வாங்கும் முன்: குளிர்காலத்தில் சவர நுரை ஆறாமல் இருக்க ஒரு வழிகாட்டி

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குச் சவரம் என்றாலே வெறுப்பு. காலை ஆறரை மணிக்குக் குளியலறை டைல்ஸில் கால் வைக்க முடியாது. முதல் சுற்று, அதாவது ஒரு தடவை நுரை பூசி மழிப்பது, எப்படியோ போய்விடும். இரண்டாம் சுற்றுக்குப் பிரஷை எடுத்துக் கன்னத்தில் வைத்தால் ஈரத்துணியால் அறைந்தது போலச் சில்லென்று இருக்கும். உடம்பெல்லாம் சிலிர்த்து, தோலில் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும்போது பிளேடை ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நுரையைச் சூடாக வைக்கும் ஸ்கட்டில் என்ற கிண்ணம் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். கேட்ட அன்றைக்கே ஆர்டர் போட்டேன். அது உடைந்து வந்தது. அடுத்து வாங்கியது முழுசாக வந்தது, ஆனால் நுரையைச் சூடாக வைக்கும் வகையே இல்லை. மூன்றாவது சரியான பொருள்தான், அதைப் பயன்படுத்தத் தெரியாமல் ஒரு மாதம் ஓட்டினேன். ஐந்து மாதத்தில் 360 கனடிய டாலர் போனது. உங்களுக்கு இவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் டாலர் என்று வருவதெல்லாம் கனடிய டாலர். அமெரிக்க டாலர் என்றால் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்கட்டில் என்பது இரட்டைச் சுவர் உள்ள பீங்கான் கிண்ணம். உள்கிண்ணத்தில் நுரை, இரண்டு சுவர்களுக்கும் நடுவே வெந்நீர். ஆறிய பாலைச் சூடாக்க வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்போமே, அதே வேலைதான்.

1. முதலில் டபராவில் சோதித்துப் பாருங்கள்

உங்களுக்கு ஸ்கட்டில் தேவையா என்பதை ஒரு காசு செலவில்லாமல் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். காபி டபரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாதி அளவுக்கு மூழ்கி நிற்கும்படி ஒரு பெரிய பீங்கான் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, நடுவில் டபராவை வையுங்கள். டபராவில் நுரை கட்டுங்கள். சுற்றுகளுக்கு நடுவே பிரஷை அதற்குள்ளேயே விட்டு வையுங்கள்.

டபரா மெல்லிய எவர்சில்வர் என்பதால் சட்டென்று சூடேறும். வெளிக்கிண்ணம் திறந்திருப்பதால் தண்ணீர் ஏழெட்டு நிமிடத்தில் சூடு விட்டுவிடும். அந்த ஏழெட்டு நிமிடம் போதும். இரண்டாம் சுற்றில் நுரை வெதுவெதுப்பாக இருப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா, அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒரே சுற்றில் சவரம் முடித்துவிடுபவர் என்றால் ஸ்கட்டில் வேண்டாம். நுரை ஆறுவதற்குள் உங்கள் வேலை முடிந்துவிடும். டப்பா ஃபோம் போடுபவர்களுக்கும் இது தேவையில்லை. பிரஷும் சோப்பும் வைத்து, முடி வளரும் வாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, எதிர் வாக்கில் ஒன்று என்று மூன்று சுற்றுப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் செலவு நியாயம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போனதுதான் என் முதல் தவறு.

2. எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள்

ஸ்கட்டில் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. இங்கேதான் நான் இரண்டாம் முறை ஏமாந்தேன்.

முதல் வகை, பழங்காலத்துக் குவளை. ஒரு பக்கம் அகலமான மூக்கு நீண்டிருக்கும். மேலே துளை போட்ட ஒரு சிறு தட்டில் சோப்பை வைப்பார்கள், கீழே வெந்நீர் இருக்கும். மூக்கு வழியாகப் பிரஷை உள்ளே விட்டு நனைத்து, மேலே இருக்கும் சோப்பில் தேய்த்து, முகத்திலேயே நுரை கட்ட வேண்டும். பிரஷ் சூடாக இருக்கும். நுரை கட்ட இடமே கிடையாது. பழம்பொருள் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இதே வடிவத்தில் புதிதாகச் செய்த பீங்கான் குவளைகளும் இணையத்தில் விற்கின்றன. படத்தில் பூவும் பொன் விளிம்புமாக அழகாகத் தெரியும், கை உடனே போகும். நான் 70 டாலர் கொடுத்தேன். பழையவற்றில் இன்னொரு கவலையும் உண்டு. அந்தக் காலத்துப் பளபளப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். முகத்தில் பூசும் பொருளை அதில் கலக்க எனக்கு மனமில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

இரண்டாவது வகை, உள்கிண்ணமும் வெளிச்சுவரும் ஒன்றாகச் சுட்டு ஒட்டியிருப்பது. பக்கத்தில் இருக்கும் மூக்கு வழியாக வெந்நீர் ஊற்ற வேண்டும். மாஸ் ஸ்கட்டில் என்று தேடினால் இந்த வடிவம் வரும். தண்ணீர் மூடிய அறைக்குள் இருப்பதால் சூடு அதிக நேரம் நிற்கும்.

மூன்றாவது, வெளிப்பாத்திரமும் உள்கிண்ணமும் தனித்தனியாகக் கழன்று வருவது. சூடு கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், ஆனால் கழுவுவது சுலபம். உங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள். காரணம் கடைசிப் படியில்.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் நுரை கட்டும் இடத்துக்கு நேர் கீழேயும் சுற்றிலும் வெந்நீர் நிற்குமா?" ஆமாம் என்று நேரடியாகப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

3. வாஷ்பேசினையும் பிரஷையும் அளந்துகொள்ளுங்கள்

மூக்கும் கைப்பிடியும் சேர்ந்தால் ஸ்கட்டில் நினைப்பதைவிட அகலமாக இருக்கும். வாஷ்பேசின் விளிம்பில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஈரமான பீங்கான் மேல் பீங்கான் வழுக்கும், எனவே அடியில் பூச்சு இல்லாமல் சொரசொரப்பாக விட்டிருப்பது நல்லது. உள்கிண்ணத்தின் வாய் 9 முதல் 10 சென்டிமீட்டர் இருந்தால் முடிக்கட்டின் அடி 24 மில்லிமீட்டர் இருக்கும் சாதாரணமான பிரஷ் தாராளமாகச் சுழலும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் நுரை மெல்லிய படலமாகப் பரவிச் சீக்கிரம் காய்கிறது.

4. எங்கே வாங்குவது, மொத்தம் எவ்வளவு ஆகும்

இது பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும் பொருள் இல்லை. பெரும்பாலும் கையால் பாண்டம் செய்பவர்களிடம்தான் நல்லது கிடைக்கும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பாட்டரி இதற்குப் பெயர் பெற்றது. இணையச் சந்தைகளில் தனி ஆட்கள் செய்து விற்பதும் உண்டு.

எல்லை தாண்டி வரும் பொருளின் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். என் முதல் ஸ்கட்டிலின் விலை 85 அமெரிக்க டாலர். அது கனடிய டாலரில் 116 ஆனது. அனுப்பும் செலவு 41. ஒன்டாரியோவின் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி 15. அப்புறம் அந்த வரியை வசூலித்துக் கொடுப்பதற்குக் கனடா போஸ்ட் எடுத்துக்கொள்ளும் 9.95. ஆக 182 டாலர்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். தபாலில் வந்தால் 20 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு வரி கணக்கில் வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து கூரியரில் வந்தால் 40 டாலர் வரை வரியும் 150 டாலர் வரை சுங்கத் தீர்வையும் கிடையாது. அப்படியானால் கூரியர்தானே லாபம் என்று தோன்றும். சில கூரியர்கள் சுங்க வேலைக்கென்று தனிக் கட்டணம் போடுகிறார்கள், அது வரியையே தாண்டிவிடும். ஆர்டர் போடும் முன் எந்த வழியில் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து அனுப்பினார்கள் என்பதால் அது அமெரிக்காவில் செய்த பொருள் ஆகிவிடாது. மேலே சொன்ன கூரியர் விலக்கு பொருந்தாதபோது, எங்கே செய்தது என்பதை வைத்துத்தான் தீர்வைச் சலுகை. செய்த நாட்டின் பெயரை விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். போர்சலின் என்னும் அசல் பீங்கான் அல்லாத மண்பாண்ட வீட்டுச் சாமான்களும் குளியலறைச் சாமான்களும் சுங்கப் பட்டியலில் 6912 என்ற தலைப்பில் வரும், அசல் பீங்கான் என்றால் 6911. விற்பவர் வெறுமனே "பரிசுப்பொருள்" என்று எழுதி அனுப்பினால் சிக்கல் உங்களுக்குத்தான். 60 டாலருக்குள் வரும் உண்மையான அன்பளிப்புக்குச் சலுகை உண்டு, ஆனால் நீங்களே காசு கொடுத்து வாங்கியது அன்பளிப்பு ஆகாது.

என் மூன்றாவது ஸ்கட்டிலை இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் ஒன்டாரியோவிலேயே ஒரு மண்பாண்டக் கலைஞரிடம் சொல்லிச் செய்தேன், வரியோடு 108 டாலர். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு இது சுலபம். மண்பாண்டக் கலைக்கென்றே இருக்கும் கார்டினர் அருங்காட்சியகத்தின் கடையில் எந்தெந்தக் கலைஞர்களின் வேலைப்பாடு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். நவம்பர் கடைசியில் தொடங்கும் ஒன் ஆஃப் எ கைண்ட் கைவினைக் கண்காட்சியில் அவர்களை நேரிலேயே பார்த்துப் பேசலாம். கைபேசியில் படத்தைக் காட்டி, மேலே சொன்ன அளவைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் கண்காட்சியில் சொல்லிவிட்டு டிசம்பரிலேயே எதிர்பார்க்காதீர்கள். சக்கரத்தில் வனைந்த இரண்டு துண்டுகளை ஒட்டி, மெல்லக் காயவிட்டு, ஒரு முறை சூளையில் சுட்டு, பூச்சு கொடுத்து, மறுபடியும் சுட வேண்டும். அவசரமாகக் காய வைத்தால் ஒட்டிய இடத்தில் விரியும். சூளை நிறையும் வரை வேறு பாண்டங்களுக்காகவும் காத்திருக்க வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆனது. குளிருக்கு முன் வேண்டும் என்றால் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.

5. பார்சல் வரும் நாள்

முதல் ஸ்கட்டில் உடைந்து வந்தபோது ஆத்திரத்தில் பெட்டியைக் கிழித்து மறுசுழற்சிக் கூடையில் போட்டுவிட்டேன். பணம் திருப்பிக் கேட்டபோது விற்றவர் கேட்டது பெட்டியின் ஆறு பக்கப் படங்களையும் உள்ளே அடைத்த விதத்தையும். என்னிடம் இருந்தது உடைந்த துண்டுகளின் படம் மட்டும். 182 டாலரும் போனது.

ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், முகவரிச் சீட்டும் தெரிய வேண்டும். திறப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். ஆர்டர் ரசீது, விலைப்பட்டியல், பெட்டியில் ஒட்டிய சுங்கச் சீட்டு, வரி கட்டியிருந்தால் தபாலோடு வரும் இ14 படிவம் ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். தீர்வையோ வரியோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் அந்த இ14 இல்லாமல் எங்கேயும் பேச முடியாது. திருப்பிக் கேட்பதற்குக் கால வரம்பு இருக்கிறது, வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

முழுசாக வந்திருந்தால் சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் தட்டுங்கள். கணீர் என்றால் சரி. சத்தம் மழுங்கி வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பிறகு சாதாரணத் தண்ணீரை நிரப்பி, ஒரு செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் தாள் ஈரமாக இருந்தால் உள்ளே கசிகிறது. இதைச் செய்து முடிக்கும் வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

6. தண்ணீர்: பாதி வெற்றி இங்கேதான்

குழாயில் வரும் சுடுநீரே போதும் என்று நினைத்து ஒரு மாதம் வீணாக்கினேன். ஒன்டாரியோவில் புதிய வீடுகளில் குழாயில் வரும் சுடுநீர் 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள், முதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் குளிர்ந்து கிடக்கும் கனமான மண்பாண்டத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் நுரைக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

என் ஸ்கட்டில் கிட்டத்தட்ட 800 கிராம் எடை, 300 மில்லி தண்ணீர் பிடிக்கும். குளிர்ந்த கிண்ணத்தில் 70 டிகிரி நீரை ஊற்றினால் கிண்ணத்தின் குளிரைப் போக்கவே 50 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதையே முதலில் குழாய்ச் சுடுநீரில் ஊறவைத்துவிட்டு ஊற்றினால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தப் பத்து டிகிரிதான் மூன்றாம் சுற்றைக் காப்பாற்றுகிறது.

நான் செய்யும் முறை இது. எழுந்ததும் ஸ்கட்டிலை வாஷ்பேசினில் வைத்து, உள்கிண்ணத்திலும் மூக்கு வழியாகவும் குழாய்ச் சுடுநீரை நிரப்பி விட்டுவிடுவேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் கிண்ணம் சூடேறிவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலில் கொதித்த நீர் இரண்டு பங்கு, குழாயின் குளிர்ந்த நீர் ஒரு பங்கு என்று ஒரு குவளையில் கலந்து ஊற்றுவேன். குளிர்காலக் குழாய்த் தண்ணீரோடு கலந்தால் அது 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும். 15 டாலர் கொடுத்துச் சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரு வாரம் அளந்து பார்த்தால் உங்கள் வீட்டுக் கணக்கு பிடிபட்டுவிடும்.

கொதிக்கும் நீரைக் குளிர்ந்த கிண்ணத்தில் நேராக ஊற்றவே கூடாது. பாண்டம் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விரிந்து வெடிக்கலாம். மூக்கு வழியாக ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் போகும் அதே வழியாகத்தான் உள்ளே இருக்கும் காற்றும் வெளியே வர வேண்டும், அவசரப்பட்டால் களக் களக்கென்று கையில் துப்பும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். வாய் வரை நிரப்பாமல் ஒரு விரல் அளவு குறைத்து விடுங்கள்.

கெட்டிலைக் குளியலறைக்குக் கொண்டுவராதீர்கள். ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஸ்கட்டிலை விளிம்பிலிருந்து தள்ளி, சுவரோரம் வையுங்கள்.

7. நுரை கட்டுதல்

சூடான கிண்ணத்தில் நுரையின் குணம் மாறும். பிரஷைச் சுழற்றியதும் மலை போல எழும்பும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். முதல் சுற்று முடிவதற்குள் பெரிய பெரிய குமிழாகி, அடியில் தண்ணீராகக் கிடக்கும். சூட்டில் நுரைப் படலம் இளகி நீர் கீழே வடிகிறது, கொஞ்சம் ஆவியாகவும் போகிறது. பலர் இந்த இடத்தில்தான் ஸ்கட்டில் வேண்டாம் என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? சோப்பை அதிகமாக எடுங்கள், தண்ணீரைக் குறைவாகத் தொடங்குங்கள். வழக்கமாகப் பிரஷைச் சோப்பில் 15 நொடி தேய்ப்பீர்கள் என்றால் இங்கே 30 நொடி. கிரீம் என்றால் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்குப் பதில் இரண்டு. முதலில் பசை போல, தயிரைவிடக் கெட்டியாக வரட்டும். பிறகு விரல் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். சோப்புக் கட்டியையே ஸ்கட்டிலுக்குள் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் இளகிக் குழைந்து, மூன்று மாதம் வர வேண்டிய சோப்பு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

என்ன செய்தும் நுரை நிற்கவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒன்டாரியோ ஏரித் தண்ணீர் வரும் டொராண்டோவில் உப்பு நடுத்தரம்தான். நிலத்தடி நீரை நம்பியிருக்கும் குவெல்ஃப், கிச்சனர் பக்கம் கடின நீர். அதில் இருக்கும் கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிந்த பால் போலத் திரண்டு படிந்துவிடும், நுரை எழாது. மளிகைக் கடையில் 4 லிட்டர் காய்ச்சி வடித்த நீர் ஒரு கேன் வாங்கி, நுரை கட்ட மட்டும் அதைச் சூடாக்கிப் பயன்படுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றம் உங்கள் கையில் இல்லை.

பிரஷ் பன்றி முடி என்றால் முன்னதாகச் சில நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறட்டும். பேட்ஜர் என்ற விலங்கின் முடிக்கு ஒரு நிமிடம் போதும். செயற்கை இழைக்கு நனைத்தாலே போதும். எதையும் கொதிநீரில் முக்காதீர்கள், முடியும் கெடும், அடியில் பிடித்திருக்கும் பசையும் விடும்.

8. சவரத்தின் நடுவே

முதல் தடவை நுரையை முகத்தில் வைக்கும் முன் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பாருங்கள். 40 டிகிரியை ஒட்டி இருந்தால் சுகமாக இருக்கும். சுள்ளென்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். சூடு அதிகமானால் சவரம் நன்றாக வரும் என்று நினைத்து முகத்தைச் சிவக்க வைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பிரஷ் முடி கீழே இருக்கும்படி உள்கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள். கிண்ணத்தில் தெரியும் நுரையைவிடப் பிரஷுக்குள் தங்கியிருக்கும் நுரைதான் முக்கியம், அதுதான் அடுத்த சுற்றுக்கு வரும். எடுக்கும்போது இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாலு சுழற்றுச் சுழற்றுங்கள். என் கணக்கில் 20 நிமிடம் வரை நுரை வெதுவெதுப்பாக இருக்கிறது, மூன்று சுற்றுக்கு அது தாராளம். ரேசரை ஸ்கட்டிலின் மூக்கில் விட்டு அலசாதீர்கள். மூடிய அறைக்குள் முடி போனால் வெளியே எடுக்க வழியே இல்லை.

9. முடிந்த பிறகு

மூக்கு வழியாகத் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். பிரஷை அலசி, உதறி, வெளியே காற்றில் காயவிடுங்கள். ஸ்கட்டிலுக்குள்ளேயே விட்டால் நாற்றம் பிடிக்கும்.

ஒட்டிய வகை ஸ்கட்டிலின் உட்புறத்தில் பிரஷ் போகாது. உப்பு படிந்து படிந்து உள்ளே வெள்ளை ஓடாகிவிடும். மாதம் ஒரு முறை வெள்ளை வினிகரும் வெந்நீரும் சம அளவில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள், பிறகு இரண்டு மூன்று முறை அலசுங்கள். கடின நீர் ஊர்க்காரர்கள் கழன்று வரும் வகையை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

குளிர்காலப் பயணத்தில் இதைக் காரில் எடுத்துப்போனால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. இரவில் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து சுவரைப் பிளந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எனக்கு இது தேவைப்படுவதில்லை, நன்றாகக் காயவைத்து அலமாரியில் கவிழ்த்துவிடுவேன். சோதனைக்கு எடுத்த டபரா மட்டும் சமையலறைக்குத் திரும்ப அனுமதி கிடைக்காமல் இன்னும் குளியலறையிலேயே இருக்கிறது.